விமானியாக எந்தப் பட்டம் படிக்க வேண்டும்?

எனது மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள், "அம்மா, நான் பிளேன் ஓட்டப் போறன்" என்றாள். புட்டு அவித்துக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் மயிலிட்டி, பலாலி விமானத்தளத்துக்குப் பக்கம். 1990 இல் இடம்பெயர்ந்தபோது எனக்கு 15 வயது. அதுவரை நான் அறிந்த விமானமெல்லாம் சகடையும் ஹெலியும்தான். இரைச்சல் கேட்டால் அம்மா எங்களை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்குவார். பிறகு வன்னியில் கிபிர். 2009 இல் இவளுடைய தகப்பனை இழந்தேன். இன்றைக்கும் வானத்தில் ஏதும் இரைந்தால் எனக்கு வயிறு கலங்கும். இதை வாசிக்கும் சகோதரிகள் பலருக்கும் அப்படித்தான் இருக்கும்.

அப்போது மகளுக்கு 4 வயது. தனக்கு ஒன்றும் நினைவில்லை என்கிறாள். நான் முழுதாக நம்பவில்லை, ஆனால் துருவிக் கேட்பதுமில்லை. ஊருக்குத் திரும்பி வந்த பிறகு, 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னை விமானம் வரத் தொடங்கியது. இவள் வேலிக்கரையில் நின்று அது வரும் நேரத்தைக் கொப்பியில் எழுதுவாள். நான் பயந்த சத்தத்துக்கு அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்தாள். அந்த நாட்களில் ஒரு நிறுவனத்தார் வந்து, விமானத்துறை டிப்ளோமா படிக்கலாம் என்று கூட்டம் வைத்தார்கள். சுவரெல்லாம் விமானப் படம். நான் காப்பை அடகு வைத்து முற்பணம் கட்டினேன். பிறகுதான் தெரிந்தது, அது ரிக்கற் போடவும் விமான நிலையக் கவுண்டரில் வேலை செய்யவும் படிப்பிக்கும் படிப்பு. அதுவும் நல்ல தொழில்தான், குறை சொல்லவில்லை. ஆனால் விமானம் ஓட்டுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கட்டிய காசு திரும்பி வரவில்லை. முடிவில் விமானி அனுமதிப்பத்திரம் கிடைக்குமா, எத்தனை மணித்தியாலம் பறக்க விடுவீர்கள், சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அங்கீகாரம் இருக்கிறதா என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

விமானத் திருத்த வேலை செய்து ஓய்வுபெற்ற ஊர் அண்ணை ஒருவர்தான் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். "தங்கச்சி, லைசென்ஸ் எடுக்கப் பட்டம் தேவையில்லை" என்று தொடங்கினார். வர்த்தக விமானி அனுமதிப்பத்திரத்துக்குக் குறைந்தது 18 வயது. சாதாரணமாக 200 மணித்தியாலப் பறப்பு. வானிலை, வழிகாணல், வான்சட்டம் போன்ற பாடங்களில் பரீட்சை. வெளிநாடுகளுக்குப் பறக்க ஆங்கிலம் பேசிக் காட்ட வேண்டும். கப்டனாக வருவதற்கான அனுமதிப்பத்திரத்துக்கு 21 வயதும் 1500 மணித்தியாலமும். அமெரிக்காவின் டெல்டா நிறுவனம்கூட, விமானிகளுக்குப் பட்டம் கட்டாயம் என்ற நிபந்தனையை 2022 இல் நீக்கிவிட்டதாம்.

"அப்ப ஏன் அண்ணை கம்பஸ்?" என்று கேட்டேன்.

"காதோ கண்ணோ இருதயமோ பழுதானால் அந்த லைசென்ஸ் வெறும் கடதாசி. 2020 இல் கொரோனா வந்தபோது உலகம் முழுக்க எத்தனை விமானிகள் வீட்டில் இருந்தவை? அந்த நேரம் சோறு போட வேறொரு படிப்பு வேணும்" என்றார். அந்தச் சொல் எனக்குப் பட்டது. ஒரே வருமானத்தை நம்பியிருந்து அது போன பிறகு பிள்ளையோடு நின்றவள் நான்.

மகளோ கோபித்துக்கொண்டாள். பட்டம் என்றாலும் பெயரில் விமானம் இருக்க வேண்டுமாம். அப்படியான படிப்புகள் காசு கட்டிப் படிப்பவை. பறப்புப் பயிற்சிக்கே எங்கள் காணியை விற்றாலும் காணாது. இலவசமாகக் கிடைக்கும் பட்டத்தை விட்டுவிட்டு அதற்கும் கடன்படுவதா? இரண்டு நாள் கதைக்காமல் இருந்தாள். மூன்றாம் நாள் பல்கலைக்கழக விண்ணப்பத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். முதலில் பொறியியல், அதற்குக் கீழே பௌதிக விஞ்ஞானம் என்று நிரப்பியிருந்தாள்.

வெட்டுப்புள்ளி வந்தபோது பொறியியல் கிடைக்கவில்லை. பௌதிக விஞ்ஞானம் கிடைத்தது. அழுதாள். கணிதமும் பௌதிகமும் அங்கேயும்தானே இருக்கிறது, முடிக்கும்போது 24 வயதுதான் ஆகும், படிப்பித்தோ கணினி வேலை செய்தோ பறப்புக்குச் சேர்க்கலாம் என்று அண்ணை கணக்குச் சொன்னார். எனக்கும் அது சரியென்றே படுகிறது. எந்தப் பிள்ளைக்கும் இதே பாடம்தான் என்று நான் சொல்லமாட்டேன். கணக்கியலில் கெட்டிக்காரி என்றால் கணக்கியல் படிக்கட்டும்.

ஒன்றை மட்டும் முதலில் செய்யச் சொன்னார். விமானிகளுக்கான முதலாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனை. பணம் சேர்க்கத் தொடங்குவதற்கு முன்பே உடம்பு பொருந்துமா என்று பார்த்துவிட வேண்டுமாம். இவள் கண்ணாடி போடுகிறவள். கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் தடையில்லையாம், நிறங்களைப் பிரித்தறிவதையும் பார்ப்பார்களாம். வருகிற மாதம் கொழும்புக்குப் போகிறோம். இரவு பஸ்ஸில் இரண்டு சீற் போட்டாயிற்று.