ஒரு கோப்பைச் சேறு

புதிதாய் வெட்டிய குளத்துக்கு நத்தையும் நாணலும் எப்படி வந்து சேர்கின்றன என்று நாம் கேட்பதில்லை. தண்ணீர் இருந்தால் தாமே வந்துவிடும் என்பது நம் எண்ணம். டார்வின் கேட்டார். ஒரு சிறு குளத்தின் ஓரத்தில் மூன்று மேசைக்கரண்டிச் சேறு எடுத்து, ஆறு மாதம் படிப்பறையில் மூடிவைத்து, முளைத்த செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எண்ணினார்: 537. அவ்வளவு சேறும் ஒரு கோப்பைக்குள் அடங்கிற்று. நீர்ப்பறவையின் காலில் எத்தனை ஒட்டும் என்று நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வாத்தின் காலில் தொற்றிய நத்தைக் குஞ்சுகள் ஈரக்காற்றில் 12 முதல் 20 மணி நேரம் உயிர்த்திருந்ததையும் அவர் கண்டார். பறவைக்கு அது நெடுந்தொலைவு. தவளையோ தத்தித்தான் போகவேண்டும். மீன்கள் முந்திக்கொண்ட குளமானால் அது இடும் முட்டைகள் பிழைப்பதும் அரிது. குளத்துக்குக் குளம் குடிகள் வேறுபட இந்த முந்தல் பிந்தலும் ஒரு காரணம். எங்கள் தெருக்கோடிக் குட்டை தூர்க்கப்பட்டு மனைகளாகிவிட்டது. நாரைகள் இப்போதும் மேலே கடந்து ஏரிக்குப் போகின்றன. தவளைகளுக்கு இடையில் தங்க ஈரமில்லை.

டார்வின் கடைசிவரை இதை விடவில்லை. 1882 ஏப்ரலில், இறப்பதற்கு இரு வாரம் முன்பு வெளியான அவரது குறிப்பு, நீர்வண்டின் காலைக் கவ்வியிருந்த சிறு மட்டியைப் பற்றியது. வண்டை அனுப்பியவர் வால்டர் கிரிக், டி.என்.ஏ. வடிவத்தைக் கண்ட பிரான்சிஸ் கிரிக்கின் பாட்டனார்!