கண்ணுக்குப் புலனாகாப் பாவு

சின்ன காஞ்சிபுரத்துத் தறிகளில் நெய்யப்படும் பட்டுப்புடவையில் காண்போர் கண்ணை முதலில் கவர்வது சரிகையின் ஒளியே. அச்சரிகையைத் தாங்கி நிற்கும் பாவு நூலை நினைப்போர் மிகச் சிலர். பாவின் இயல்பே புடவையில் எழும் உருவத்தை வரையறுக்கிறது என்பதை நெசவாளர் நன்கறிவர். மெல்லிய இழைகள் நெருங்கி நின்றால் நுண்ணிய புட்டாவும் தெளிவாக அமையும். இழை தடித்தால் பெரிய உருவங்கள் மட்டுமே தேறும், சிறியன சிதைந்துபோகும். எனவே, எழுந்த உருவத்தைக் கொண்டு இழையின் இயல்பை உய்த்துணரலாம். அண்டத்தை ஆராயும் அறிவியலாரும் இம்முறையிலேயே சிந்திக்கின்றனர்.

விண்மீன்களும் கோள்களும் உயிர்களும் ஆகிய இயல்பான பொருள், அண்டத்தின் மொத்த இருப்பில் ஏறத்தாழ 5 விழுக்காடே. கரும்பொருள் ஏறத்தாழ 27 விழுக்காடு. எஞ்சியது இருண்ட ஆற்றல். கரும்பொருள் ஒளியை உமிழ்வதுமில்லை, தடுப்பதுமில்லை. ஈர்ப்பினால் மட்டுமே தன்னை உணர்த்துகிறது. 1933ஆம் ஆண்டில் பிரிட்ஸ் சுவிக்கி, கோமா கொத்திலுள்ள விண்மீன் திரள்களின் வேகத்தை ஆராய்ந்தார். கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் அவற்றைப் பிணைத்துவைக்கப் போதாது எனக் கண்டார்.

இப்பொருளின் துகளை எந்த ஆய்வகமும் இன்னும் பிடிக்கவில்லை. ஆதலால், அதன் இயல்பை முதலில் ஊகித்து, அவ்வூகத்தின்படி ஓர் அண்டத்தைக் கணினியில் வளர்த்துப் பார்க்கின்றனர். இதனைக் கணினிவழி ஒப்புருவாக்கம் என்பர். 2005இல் வெளியான ‘மில்லேனியம்’ ஒப்புருவாக்கம், 200 கோடி ஒளியாண்டுகளுக்கும் மேற்பட்ட பக்கமுடைய கனசதுரத்துள் 1000 கோடிக்கும் மேற்பட்ட துகள்களை ஈர்ப்பு விதிப்படி நகர்த்தியது. இழைகளும் முடிச்சுகளும் வெற்றிடங்களுமாக ஒரு பெருவலை அங்கே உருவாயிற்று. தொலைநோக்கிகள் காட்டும் அண்டமும் அவ்வாறே அமைந்துள்ளது.

ஊகம் மாறினால் உருவமும் மாறும். துகள்கள் மெல்ல நகரும் ‘குளிர்’ கரும்பொருளாயின், சிறு திரட்சிகள் முன்னர்த் தோன்றி, இணைந்து பெருகும். சற்றே விரைந்து செல்லும் ‘வெது’ கரும்பொருளாயின், சிறு திரட்சிகள் உருவாகும் முன்பே கலைந்துவிடும். துகள்கள் தம்முள் மோதுமாயின், திரட்சிகளின் நடுப்பகுதி அடர்த்தி மாறும். பெரிய அளவில் இம்மூன்று அண்டங்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும்; அவற்றின் வேறுபாடு சிறியவற்றில்தான் வெளிப்படும்.

அச்சிறியவற்றை ஆராய்வோருள் ஒருவர் பிரியம்வதா நடராசன். கோயம்புத்தூரில் பிறந்த இவர், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர். பின்னாலுள்ள திரள்களின் ஒளியைக் கரும்பொருளின் ஈர்ப்பு ஒரு வில்லைபோல வளைக்கும். அவ்வளைவை அளந்து கரும்பொருள் உள்ள இடத்தை வரைபடமாக்குவது இவர்தம் துறை. இத்தாலிய அறிஞர் மாசிமோ மெனெகெட்டி தலைமையில் இவரும் பங்கேற்ற ஆய்வு 2020இல் வெளிவந்தது. திரள் கொத்துகளுக்குள் இருக்கும் சிறு திரட்சிகள், குளிர் கரும்பொருள் ஒப்புருவாக்கங்கள் கணித்ததைவிடப் பத்து மடங்குக்கும் மேலாக ஒளியை வளைக்கும் திறன் பெற்றிருந்தன.

பிழை எங்கே? கணினியின் நுட்பம் போதவில்லை என்பர் சிலர். துகள்கள் தம்முள் மோதுவதால் திரட்சிகள் இறுகியிருக்கலாம் என்பர் வேறு சிலர். வழக்கு இன்னும் முடியவில்லை. பல்லாண்டு உழைப்பில் எழுந்த கணக்கு தம் கண்டறிதலோடு பொருந்தாதபோது, அப்பொருந்தாமையை மறைக்காமல் உலகின்முன் வைத்தனர் அவ்வாய்வாளர். கரும்பொருள் எதனால் ஆனது என்னும் வினாவுக்கு விடை கிட்டும் நாள்வரை, அத்தகைய நேர்மையே அறிவியலை முன்செலுத்தும்.