எங்கள் வீட்டு மூன்று பாட்டரிகள்

தீர்த்தமலை அடிவாரத்திலுள்ள எங்கள் வீட்டில் மூன்று பாட்டரிகள் உண்டு. அப்பாவின் கைப்பேசியில் ஒன்று, மரவள்ளிக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயரில் ஒன்று, இன்வெர்ட்டருக்கு ஒன்று. மூன்றுக்கும் தாத்தா சொல்லும் வைத்தியம் ஒன்றே: "முழுசா இறங்கட்டும், அப்புறம் ஏத்து."

அவர் சொல்வது பழைய நிக்கல்-காட்மியம் மின்கலத்துக்குப் பொருந்தும். பாதியிலேயே மீண்டும் மீண்டும் மின்னேற்றினால் அதன் கொள்ளளவு குறைந்ததுபோல் ஆகிவிடும். கைப்பேசியிலோ லித்தியம் அயனி மின்கலம். 1991-இல் சோனி நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்காக 2019-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஜான் குட்இனஃப் என்பவருக்கு அப்போது வயது 97! இம்மின்கலத்துக்கு முழுப் பட்டினியும் ஆகாது, எந்நேரமும் வயிறு முட்ட இருப்பதும் ஆகாது. 20 விழுக்காட்டுக்கும் 80-க்கும் இடையில் வைத்தால் நெடுநாள் உழைக்கும். எல்லாவற்றிலும் கொடிய பகை வெப்பம். தலையணைக்கடியில் வைத்து மின்னேற்றும் அக்காமார்கள் கவனிக்க!

ஆனால் இரவில் மும்முனை மின்சாரம் வரும் நாட்களில் அப்பா மோட்டார் போடக் கிணற்றடிக்குப் போவார். வரப்பில் பாம்பு உண்டு; கைப்பேசி வெளிச்சமே துணை. அன்று அம்மா 100 வரை ஏற்றித்தான் அனுப்புவார். அதுவே சரியென்று எனக்கும் படுகிறது. பாட்டரியின் ஆயுளைவிட அப்பாவின் ஆயுள் பெரிதல்லவா?

ஸ்பிரேயரின் குணமே வேறு. அது ஈய-அமில பாட்டரி. அதற்கு வயிறு நிறைந்திருப்பதே நலம். வெறுமையாகக் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகிவிடும். முன்பு ஒருமுறை மருந்தடித்து முடித்ததும் அப்படியே பரணில் ஏற்றி வைத்தோம். மூன்று மாதம் கழித்து எடுத்தபோது உயிரில்லை. புதிது வாங்க அம்மாவின் மூன்று நாள் களையெடுப்புக் கூலி போயிற்று. இப்போது மாத முதல் வெள்ளிக்கிழமை, பள்ளியில் திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும், அதை மின்னேற்றுவது என் வேலை.

இன்வெர்ட்டரிலிருப்பதும் ஈய-அமில பாட்டரிதான். அதில் நீர் குறையும்போது காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்றவேண்டும். "இராமர் தீர்த்தத்தைவிடச் சுத்தமான தண்ணியா?" என்று பாட்டி கேட்டார். மலைச்சுனை நீரில் கரைந்துள்ள உப்புகள் தகடுகளுக்குக் கேடு என்று விளக்கினேன். பாட்டி ஒருவாறு சம்மதித்தார். ஆயினும் கடையில் வாங்கிய நீர்ப் புட்டியைச் சாமி படத்தருகே சற்று நேரம் வைத்த பிறகே ஊற்ற விடுகிறார்.