நான்கும் ஒரே ஜோடிதானா?

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்வார்கள். நான் குனிந்து டயரைப் பார்ப்பேன். விற்பவர் முகத்தில் லேசாக ஓர் ஏளனம் வந்து போகும், போகட்டும். நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய ஸ்டேஷன் வேகனில், வண்டியை வைத்திருந்தவர் எப்படிப்பட்டவர் என்பதை இன்ஜினைவிட டயர்தான் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும்.

நான் இருப்பது அமெரிக்காவின் வடகிழக்கில், வெர்மான்ட் மாநிலத்தில். பாதி வருஷம் பனி. தெருவுக்குத் தெரு சுபாரு நிற்கும், அதிலும் பாதி வேகன். 1990களில் நம்மூரில் டாட்டா எஸ்டேட் என்று ஒன்று ஓடியதே, அதே சாயல்: கார்தான், கூரை மட்டும் பின்பக்கம் வரை நீண்டிருக்கும். சுபாரு நான்கு சக்கர இழுவைக்கு வந்த கதை எனக்குப் பிடிக்கும். ஜப்பானில் பனி கொட்டும் தோஹோக்குப் பகுதியின் மின்சார நிறுவனம், கம்பி பழுதுபார்க்கப் போகும் ஊழியர்களுக்கு ஜீப்பைவிட வசதியாக ஒரு வண்டி வேண்டும் என்று கேட்டது. அதிலிருந்து வளர்ந்து 1972இல் சந்தைக்கு வந்ததுதான் லியோன் வேகன். லைன்மேனுக்காகப் பிறந்த வண்டி!

டயருக்கு வருவோம். தேய்ந்த டயரின் விட்டம் குறைவு. அதனால் ஒவ்வொரு மைலுக்கும் புது டயரைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சுற்றியாக வேண்டும். முன்சக்கரம் மட்டும் இழுக்கிற காரில் இது பெரிய விஷயமில்லை. இங்கேயோ முன் அச்சும் பின் அச்சும் பிணைந்திருக்கின்றன. நுகத்தில் ஒரு பக்கம் காளையும் மறுபக்கம் கன்றும் பூட்டியதுபோல, அந்த வித்தியாசத்தை நடுவிலிருக்கும் கப்ளிங்கோ கிளட்ச் தகடுகளோ ஓயாமல் தாங்கித் தாங்கிச் சூடேறிக் கெட்டுப்போகும். சுற்றளவில் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது என்பது சுபாருவின் கணக்கு. பஞ்சரான ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டு போகிறவருக்கு இது தெரியாது, அல்லது தெரிந்தும் கவலையில்லை. நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாதிரித் தேய்மானம் என்றால், அந்த வீட்டில் ஆயில் மாற்றிய ரசீதுகளும் பெரும்பாலும் ஒரு கவரில் பத்திரமாக இருக்கும்.

சந்தேகம் வந்தால் சோதிக்க வழி உண்டு. வண்டி நன்றாகச் சூடான பிறகு, காலியான பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெல்ல வட்டமடியுங்கள். பிரேக் பிடித்ததுபோல இழுத்து, விட்டுவிட்டுக் குதித்தால் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம்.

சுபாரு என்றதும் எல்லோரும் பயப்படுவது ஹெட் கேஸ்கெட்டுக்கு, அதாவது இன்ஜின் பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் தகட்டுக்கு. பயம் நியாயமானது, ஆனால் எல்லா வண்டிக்கும் பொருந்தாது. 1990களின் 2.2 லிட்டர் இன்ஜின் கழுதைபோல் உழைக்கும். வம்பு 2.5 லிட்டரில்தான். 1996 முதல் 1999 வரை வந்தவற்றில் கசிவு உள்ளுக்குள்ளேயே நடக்கும்: எரிந்த வாயு கூலண்டில் கலந்து, ரிசர்வ் டப்பாவில் குமிழ் விடும். பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தால் தெரியாது; நெடுஞ்சாலையில் நீண்ட ஏற்றம் ஏறினால்தான் வெப்பம் காட்டும் முள் மேலே போகும். 2000 முதல் சில ஆண்டுகள் வந்தவை கசிந்தால் பெரும்பாலும் வெளியேதான் கசியும், கண்ணுக்குத் தெரிகிற நோய். கேஸ்கெட் ஏற்கெனவே மாற்றி, ரசீதில் பல அடுக்கு ஸ்டீல் என்று எழுதியிருந்தால், மாற்றாததைவிட அதுவே மேல் என்பேன். 1,05,000 மைலுக்கு டைமிங் பெல்ட் மாற்றினார்களா என்று அப்படியே கேட்டுவிடுங்கள், 2.5 லிட்டரில் அது அறுந்தால் வால்வு வளைந்துவிடும்.

வால்வோ வி70 கிராஸ் கன்ட்ரியைச் சொல்லாமல் விட மனமில்லை. அந்த சீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றாது. ஆனால் பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் கியரின் பல் தேய்ந்துபோனால், வண்டி சத்தமில்லாமல் முன்சக்கர இழுவையாக மாறிவிடும். முதல் பனிமேட்டில் திணறும்வரை சொந்தக்காரருக்கே தெரியாது!

மைல் கணக்கைவிட எனக்குப் பயம் துருதான். இங்கே சாலையில் கொட்டுகிற உப்பு, அடித்தகட்டையும் பிரேக் குழாயையும் அரித்துத் தின்றுவிடும். புகை உள்ளே வரும்படி தரையில் ஓட்டை விழுந்தால் மாநிலச் சோதனையில் தேறாது. இன்ஜினை மாற்றலாம், உளுத்துப்போன உடலுக்குப் பணம் செலவழிக்க எந்த மெக்கானிக்கும் சொல்ல மாட்டார். லிஃப்டில் ஏற்றிக் காட்டச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் எனக்குப் பேச்சே கிடையாது.

இன்னொன்று. நான்கு சக்கர இழுவை வண்டியைக் கிளப்புமே தவிர, நிறுத்தாது. ஐஸில் பிரேக் பிடிக்கும்போது எல்லாக் காரும் ஒன்றுதான். அங்கே பனி டயர்தான் கைகொடுக்கும். ஆகவே விலை பேசும் நேரத்தில் விற்பவரே கராஜுக்குள் போய், கோடைக்கு வேறு, குளிருக்கு வேறு என்று அடுக்கிவைத்த இரண்டாவது செட்டை உருட்டிக்கொண்டு வந்தால், கேட்ட விலையில் நான் பெரிதாகக் குறைக்கச் சொல்வதில்லை.