யார் பெரிய ஆட்டக்காரர்?

உலகத்தில் முடிவு காணவே முடியாத தர்க்கங்கள் சில உண்டு. கம்பர் பெரியவரா, இளங்கோவடிகள் பெரியவரா என்பது ஒன்று. குண்டூர் நாட்டுப் பலாப்பழம் தித்திப்பா, வளப்பூர் நாட்டுப் பலாப்பழம் தித்திப்பா என்பது இன்னொன்று. முதல் தர்க்கத்தில் இறங்கியவர்கள் பத்து வருஷம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கமாட்டார்கள். இரண்டாவதில் இறங்கியவர்கள் நாலு சுளையாவது தின்றுவிட்டு எழுந்திருப்பார்கள். ஆகையால் இரண்டாவது தர்க்கமே மேலானது என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம்.

மூன்றாவதாக ஒரு தர்க்கம் இருக்கிறது. அதில் தின்பதற்கும் ஒன்றுமில்லை. ஆனால் அதில் சிக்கியவர்கள் சாப்பாட்டையே மறந்துவிடுகிறார்கள். "இதுவரையில் பிறந்த ஆட்டக்காரர்களுக்குள் எல்லாரையும்விடப் பெரியவர் யார்?" என்பதே அது.

கொல்லிமலையைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, வயிற்றில் உள்ளது வயிற்றிலேயே இருந்தால், மேலே வந்து சேரலாம். மலைமேல் பல 'நாடு'கள் உண்டு. நாடு என்றதும் கோட்டை கொத்தளங்களைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். சிற்றூர்கள் சில சேர்ந்த பிரிவுக்கு இங்கே நாடு என்று பெயர். நாம் உபாத்தியாயர் உத்தியோகம் பார்ப்பது குண்டூர் நாட்டில். மிளகும் காப்பியும் மரவள்ளியும் விளைகிற பூமி. மழை பிடித்தால் விடாத பூமி.

சென்ற ஆனி மாதத்தில் அப்படி ஒரு மழைநாள் சாயங்காலம் தேநீர்க் கடையில் ஒதுங்கினோம். உள்ளே பத்துப் பேர் இருந்தார்கள். பேச்சு சடுகுடுவைப் பற்றி. கபடி என்று இப்போது ஊரெல்லாம் சொல்கிறார்கள். நமக்கு வாயில் வருவது சடுகுடுதான்.

மூலையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர், "நம்ம ராஜரத்தினத்துக்குச் சமானமாக இன்னொருத்தன் பிறக்கணும்" என்றார். 1994ஆம் வருஷத்து அர்ஜுனா விருதுக்காரரைச் சொல்கிறார். உடனே இன்னொருவர், "மணத்தி கணேசனை விட்டுவிட்டீர்களே!" என்று எழுந்தார். அவர் தூத்துக்குடிப் பக்கத்து மணத்தி கிராமத்துக்காரர். 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடியவர். மறு வருஷமே அர்ஜுனா விருது பெற்றவர். அவருடைய வாழ்க்கையைத் தழுவி 2025இல் ஒரு திரைப்படமே வந்தது.

வாலிபர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா? "பிரதீப் நர்வாலுக்கு மிஞ்சி யார்? 2017இல் ஒரே ஆட்டத்தில் 34 புள்ளி!" என்றான் ஒருவன். "2016 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஈரான் முன்னால் நின்றபோது நம்மைக் கரையேற்றியது அஜய் தாகூர்தானே?" என்றான் மற்றொருவன். குரல்கள் மழையை மிஞ்சின. கடைசியில் எல்லாரும் நம் பக்கம் திரும்பினார்கள். பட்டம் பெற்ற உபாத்தியாயர் ஒருவர் கூட்டத்தில் அகப்பட்டால் அவரைப் பஞ்சாயத்துக்கு இழுப்பது நம் ஜனங்களின் வழக்கம்.

தெரியாத கேள்வி வந்தால் தெரிந்த வேறொன்றைச் சொல்லிவிடுவது உபாத்தியாயர்களின் வழக்கம். நாம் ரக்பி ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம்.

ரக்பி என்பது ஆங்கிலேயர்களின் சடுகுடு என்று வைத்துக்கொள்ளலாம். பக்கத்துக்குப் பதினைந்து பேர். முட்டை வடிவமான பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம். ஆனால் முன்னால் இருப்பவனுக்கு எறியக் கூடாது, பின்னால் வருபவனுக்குத்தான் எறியலாம். ஓடுகிறவனை எதிரிகள் கட்டிப் பிடித்துத் தரையில் சாய்க்கலாம். எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்துவிட்டால் புள்ளி. நம் ஆட்டத்தில் பந்துக்குப் பதிலாக மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறோம், வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த ஆட்டம் நமக்கு முற்றிலும் அந்நியமானதும் அன்று. 1873இல் கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் ஒரு ரக்பி கிளப் ஏற்படுத்தினார்கள். சில வருஷங்களில் ஆள் சேரவில்லை. இலவசமாக மது வழங்குவதை நிறுத்தியதும் அங்கத்தினர்கள் கழன்றுகொண்டார்கள் என்று ஒரு கதை உண்டு. மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி, நாகப்பாம்புக் கைப்பிடிகளும் மூடிமேல் யானையுமாக ஒரு கோப்பை செய்து, 1878இல் இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றைக்கும் அந்தக் 'கல்கத்தா கோப்பை'க்காகத்தான் மோதிக்கொள்கின்றன. நம் தேசத்து வெள்ளி எங்கெல்லாம் போயிருக்கிறது, பாருங்கள்!

பிறகு 2007இல் ஒரு காரியம் நடந்தது. ஒடிசாவின் பழங்குடிச் சிறுவர்கள், பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்கள், லண்டனுக்குப் போய்ச் சர்வதேசப் பள்ளி ரக்பிப் போட்டியில் கோப்பையை வென்று திரும்பினார்கள். இதைச் சொன்னதும் கடையிலிருந்த வாலிபர்களின் முதுகு நிமிர்ந்தது. மலைப் பையன்கள் அல்லவா?

"அந்த ஆட்டத்தில் பெரிய ஆள் யார்?" என்று கேட்டார்கள்.

அங்கேயும் இதே சண்டைதான் என்றோம். வேல்ஸ் தேசத்துப் பெரியவர்களைக் கேட்டால் காரத் எட்வர்ட்ஸ் என்பார்கள். 1967 முதல் 1978 வரையில் தம் நாட்டுக்காக 53 ஆட்டங்கள், ஒன்றைக்கூடத் தவறவிடாமல் ஆடியவர். புள்ளிக் கணக்குப் பார்ப்பவர்கள் நியூஜிலாந்தின் டான் கார்ட்டரைச் சொல்வார்கள். சர்வதேச ஆட்டங்களில் 1,598 புள்ளிகள். வெற்றியைப் பார்ப்பவர்கள், 148 ஆட்டங்கள் ஆடி, 2011லும் 2015லும் உலகக் கோப்பையை ஏந்திய தலைவர் ரிச்சி மெக்காவைச் சொல்வார்கள். ஆனால் ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க முடியாத ஆள் ஜோனா லோமு. 1995 உலகக் கோப்பை அரை இறுதியில், இருபது வயதில், இங்கிலாந்து வீரர்களை வைக்கோல் பொம்மைகளைப்போலத் தள்ளிக்கொண்டு நாலு தடவை எல்லைக்கோட்டைத் தாண்டினார். பாவம், சிறுநீரக நோயால் அவதிப்பட்டுவந்தவர், 2015இல் நாற்பது வயதிலேயே காலமாகிவிட்டார்.

இவர்களை எப்படி ஒப்பிடுவது? எட்வர்ட்ஸ் ஆடிய காலத்தில் அந்த ஆட்டத்துக்குச் சம்பளம் கிடையாது. 1995க்குப் பிறகுதான் அது வந்தது. வேலைக்குப் போய்விட்டு வந்து ஆடியவரையும், ஆடுவதே வேலையாக இருந்தவரையும் எந்தத் தராசில் நிறுப்பது? மேலும் ஒருவர் ஓடுகிறவர், மற்றவர் உதைக்கிறவர், இன்னொருவர் குவியலுக்குள் தலையை விட்டுப் பந்தைப் பிடுங்குகிறவர். ஏர் பெரிதா, மாடு பெரிதா என்று கேட்பதுபோல்தான்.

நமது பிரசங்கத்தில் நாமே மயங்கியிருந்த சமயத்தில், போர்வைப் பெரியவர் கேட்டார்: "அது சரி, வாத்தியாரய்யா. அந்த லோமுங்கிற ஆளை யாருமே பிடிக்கலையா?"

பிடித்தார்கள். அதே உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்கர்கள் அவரை ஒரு தடவைகூடக் கோட்டைத் தாண்டவிடவில்லை. 15-12 என்று ஜயித்தும் விட்டார்கள்.

"பிடிச்சவன் பேரு?"

நாம் வாயைத் திறந்தோம். பெயர் வரவில்லை. ஓடினவருடைய வயது, அவர் இறந்த வருஷம், எல்லாம் நாக்கு நுனியில் இருக்கின்றன. பிடித்தவருடைய பெயர் இல்லை! யூஸ்ட் வான் டெர் வெஸ்துய்சன் என்ற பெயர், மழை விட்டு வீட்டுக்குப் பாதி வழி போன பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது. லோமுவைவிட எவ்வளவோ சிறிய உருவம் அவருக்கு. மலைபோல் வந்தவரின் மேல் பாய்ந்து சாய்த்தார்.

அன்று இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. பெரியவரின் கேள்வி பழைய புண் ஒன்றைத் தொட்டுவிட்டது. நேயர்களிடம் அதை மறைப்பானேன்?

எட்டு வருஷத்துக்கு முன்னால் நாம் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் பெண்கள் சடுகுடு அணி ஒன்று இருந்தது. கணக்கு நோட்டு எழுதுவது நம் பொறுப்பு. அணியில் ஒரு பெண் நன்றாகப் பாடிப் போவாள். போனால் இரண்டு பேரையாவது தொட்டுவிட்டுத்தான் திரும்புவாள். அவள் பெயருக்கு நேரே கோடுகள் வரிசையாக ஏறின. இன்னொரு பெண் இடது கோடியில் நிற்பாள். பேசமாட்டாள். பாடி வருகிறவளின் முகத்தைப் பார்க்கமாட்டாள், காலையே பார்த்துக்கொண்டிருப்பாள். சமயம் வந்ததும் விழுந்து கணுக்காலைப் பற்றுவாள். அவ்வளவுதான், அந்தக் கால் பிறகு நகராது. மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்குவார்கள். அந்தப் புள்ளியை நாம் யார் பெயரில் எழுதினோம்? 'அணி' என்று எழுதினோம்.

சடுகுடுவின் கணக்கே அப்படித்தான் அமைந்திருக்கிறது. பாடிப் போகிறவர் ஒரே மூச்சில் மூன்று பேரைத் தொட்டால் மூன்று புள்ளி. ஆறேழு பேர் உயிரைக் கொடுத்து ஒருவரைப் பிடித்தால் பொதுவாக ஒரே புள்ளி. புரோ கபடிப் போட்டியில் பாடிப் போவதில் பிரதீப் நர்வால் 1,700 புள்ளிகளுக்கு மேல் எடுத்தார். பிடிப்பதில் உலகமே மெச்சுகிற ஈரானிய வீரர் பசல் அத்ராச்சலி 500ஐத் தாண்டியதே அதிசயமாகப் பேசப்பட்டது. ஆனால் 1990 முதல் ஏழு ஆசிய விளையாட்டுகளில் தொடர்ந்து தங்கம் வென்ற நம் ஆண்கள் அணியை, 2018இல் ஜகார்த்தாவில் 27-18 என்று ஈரான் வீழ்த்தியபோது, நம்மவர்களின் ஓட்டத்தை நிறுத்தியவை அந்தப் பிடிக்கும் கைகளே அல்லவா?

இந்த ஞானமெல்லாம் நமக்கு அப்போது இல்லை. மாவட்டத் தேர்வுக்குப் பெயர் அனுப்பச் சொன்னார்கள். நோட்டைப் பார்த்து, கோடுகளை எண்ணி, அதிகம் உள்ளவர்களின் பெயர்களை அனுப்பினோம். கணுக்கால் பிடித்த பெண்ணின் பெயர் அதில் இல்லை. ஒரு நாள் அவள் வந்து, "சார், நான் எத்தனை எடுத்திருக்கேன்?" என்று கேட்டாள். நோட்டைக் காட்டினோம். நாலு கோடுகள் இருந்தன. பார்த்துவிட்டு, "சரிங்க சார்" என்று போய்விட்டாள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கீழ்நாட்டில் ஒரு நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டோம். மாவட்ட அணியில் ஆடியிருந்தால் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கலாம். கிடைக்காமலும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தச் சந்தேகம் அவளுக்கு ஏற்பட நாமே காரணமாயிருந்தோம்.

கொல்லிமலையில் வருஷந்தோறும் ஆடி 17, 18 தேதிகளில் வல்வில் ஓரி விழா நடக்கும். மில்லுக்கும் தோட்டத்துக்கும் போனவர்கள் எல்லாரும் மலையேறி வந்துவிடுவார்கள். இந்த வருஷம் செம்மேட்டில், ஓரியின் சிலைக்குப் பக்கத்தில், அந்தப் பெண்ணைக் கண்டோம். இடுப்பில் குழந்தை. நாம் தயங்கித் தயங்கி, "அம்மா, அந்தக் காலத்தில் உன் கணக்கை நாம் சரியாக எழுதவில்லை. தப்பு நம்முடையது" என்றோம்.

அவள் சற்று நேரம் பேசவில்லை. "எனக்கும் அப்போ கஷ்டமாத்தான் இருந்துச்சு, சார்" என்றாள். அப்புறம், "இப்போ இஸ்கூல்ல கால் பிடிக்கிற பொண்ணு யாராச்சும் இருக்காளா?" என்று கேட்டாள்.

இருக்கிறாள் என்றோம். ஏழாவது வகுப்பில் ஒருத்தி.

"நாளைக்குக் கூட்டியாங்க சார். நான் மில்லுக்குப் போக இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

மறுநாள் பள்ளிக்கூடத்து மைதானத்தில் இரண்டு மணி நேரம் அந்தச் சிறுமிக்குச் சொல்லிக்கொடுத்தாள். குழந்தையை நாம் வைத்துக்கொண்டிருந்தோம். முழங்காலை எப்படி மடக்க வேண்டும், எந்தக் காலில் எதிராளி பாரம் வைத்திருக்கிறாள் என்று எப்படிக் கண்டுகொள்வது, பிடித்த பிறகு முகத்தை எந்தப் பக்கம் திருப்பினால் உதை படாது என்பதையெல்லாம் நாமும் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டோம். மைதானத்திலேயே உட்கார்ந்து நோட்டில் ஒரு புதுப் பத்தி போட்டோம்: 'முதலில் பிடித்தவர்.'

நிற்க. ஓரியைச் சும்மா சொல்லி நிறுத்திவிடக் கூடாது. ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியவன் என்று வன்பரணர் பாடிய வில்லாளி அவன். நம் கணக்கு நோட்டில் எழுதினால் ஒரே மூச்சில் ஐந்து புள்ளி! அப்பேர்ப்பட்டவனையும் மலையமான் திருமுடிக்காரி போரில் கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான். அப்படியானால் காரிதான் பெரியவனா?

நம் முன்னோர்கள் கெட்டிக்காரர்கள். கடையெழு வள்ளல்கள் என்று ஏழு பேரைச் சொன்னார்கள். அந்த ஏழு பேரில் ஓரியும் இருக்கிறான், அவனைக் கொன்ற காரியும் இருக்கிறான். முதல் இடம் யாருக்கு என்று ஒருவரும் எழுதிவைக்கவில்லை. வில்லால் வென்றதைவிடக் கையால் கொடுத்ததைத்தான் அவர்கள் கணக்கில் ஏற்றினார்கள்.

இந்தத் தீர்ப்பைச் சென்ற வாரம் தேநீர்க் கடையில் சொன்னோம். வாலிபர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பிரதீப் நர்வால்தான் என்று ஒரே பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்கள். போர்வைப் பெரியவர் மட்டும், "நம்ம ஊர்ப் பொண்ணு அந்த நர்வாலோட கணுக்காலைப் பிடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும் சேதி" என்றார்.

தர்க்கம் இன்னும் முடியவில்லை.