படகு டிக்கெட்டில் ஐரோப்பா

நண்பர்கள் நாலு பேர் ஐரோப்பா போவதென்றால் விசா, விமானக் கட்டணக் கணக்கிலேயே பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். எர்ணாகுளம் படகுத்துறையில் அந்தக் கவலை இல்லை. சில ரூபாய் டிக்கெட்டில் காயலைக் கடந்தால் கோட்டைக் கொச்சி. வாஸ்கோ ட காமாவை 1524இல் அடக்கம் செய்த தேவாலயம் அங்கேதான். எலும்புகள் பிறகு லிஸ்பன் போய்விட்டன.

அங்கிருந்து ஆட்டோவில் மட்டாஞ்சேரி. போர்த்துகீசியர் கொச்சி மன்னருக்குக் கட்டிக்கொடுத்த அரண்மனைக்கு, பழுதுபார்த்த டச்சுக்காரர்களின் பெயர். உள்ளே சுவரெல்லாம் ராமாயண ஓவியங்கள்.

பின்னால் யூதத் தெரு. மிளகும் சுக்கும் மணக்கும் தெருவின் கோடியில், 1568இல் எழுந்த பரதேசி யூத ஆலயம். ஸ்பெயின் 1492இல் யூதர்களை விரட்டியது. ஐரோப்பாவில் இடமிழந்து வந்தவர்களுக்குக் கொச்சி மன்னர் தம் கோயிலை ஒட்டியே நிலம் கொடுத்தார். 1662இல் போர்த்துகீசியர் ஆலயத்தைச் சூறையாடினார்கள். டச்சுக்காரர் காலத்தில் அது மீண்டும் எழுந்தது. தரையில் சீனத்து நீலப்பூ ஓடுகள். தலைக்கு மேல் பெல்ஜியம் சரவிளக்குகள்.

தொழத்தான் ஆளில்லை. கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும். அத்தனை பேர் இன்று தெருவிலேயே இல்லை. 1948இல் இஸ்ரேல் பிறந்தபின் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிட்டார்கள். சனிக்கிழமைகளில் ஆலயக் கதவு இன்னும் சாத்தியே இருக்கிறது, போனவர்களின் ஓய்வு நாளுக்காக. அவர்களை இங்கே யாரும் விரட்டவில்லை. ஐரோப்பாவின் பல நகரங்கள் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.