கை முந்தும், ஓசை பிந்தும்

சித்திரை மாதம் உளுந்தூர்பேட்டையில் எடிட்டிங் வேலை செய்கிறவனுக்குக் கல்யாண வீடியோக்களோடு கூவாகமும் சேர்ந்து வரும். எங்கள் வட்டத்து ஊர்தான் அது. கூத்தாண்டவர் கோயிலில் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்ட திருநங்கைகள், அன்றிரவு கற்பூரத்தைக் குவித்துக் கொளுத்தி, சுற்றி நின்று கும்மியடிப்பார்கள். அதைக் கூட வந்தவர்கள் செல்போனில் எடுப்பார்கள். பாட்டோடு சேர்த்து அழகாக வெட்டிக் கொடுக்கச் சொல்லி ஃபைல் என் மேசைக்கு வரும்.

கம்ப்யூட்டரில் போட்டதும் முதல் நிமிடம் சரியாக இருக்கும். போகப் போகக் கை தட்டி முடித்த பிறகு சத்தம் வரும். "அண்ணே, போன்ல பாக்குறப்ப நல்லாத்தானே இருந்துச்சு?" என்பார் கொண்டுவந்தவர். அவர் சொல்வது உண்மை. போனில் நன்றாகத்தான் இருக்கும்.

செல்போன் நொடிக்கு 30 ஃபிரேம் எடுப்பதாகச் சொல்லிக்கொள்ளும். ஆனால் இருட்டில் ஒரு ஃபிரேமுக்கு முப்பதில் ஒரு நொடி வெளிச்சம் போதாது. அதனால் பல போன்கள் தாமாகவே நிதானித்து 24, 20 என்று இறங்கிவிடும். கற்பூரம் எரிந்தெழுந்து முகங்கள் தெரிந்தால் மறுபடி 30-க்கு ஏறும். இதுதான் வேரியபிள் ஃபிரேம் ரேட். ஒவ்வொரு ஃபிரேமும் எந்தக் கணத்தில் வர வேண்டும் என்ற நேரக்குறிப்பும் ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது. போனின் பிளேயர் அந்தக் குறிப்பைப் பார்த்துக் காட்டுகிறது. எடிட்டிங் மென்பொருள் சில அதைப் பார்க்காமல், ஃபிரேமை எண்ணி முப்பதால் வகுத்துவிடுகின்றன. ஒலிக்கோ இருட்டும் வெளிச்சமும் ஒன்றுதான். பெரும்பாலும் நொடிக்கு 48,000 மாதிரி என்று சீராகப் பதிவாகிக்கொண்டே இருக்கும்.

கணக்குப் போட்டால் விளங்கும். பத்து நிமிடக் கும்மியின் சராசரி 29.6 ஃபிரேம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 17,760 ஃபிரேம். அதை நொடிக்கு முப்பதாக ஓட்டினால் 592 நொடியில் படம் முடிந்துவிடும். ஒலி இன்னும் எட்டு நொடி பாடிக்கொண்டிருக்கும்.

இதற்கு நம் பக்கத்தில் பலரும் செய்கிற வைத்தியம், ஆடியோவைப் பிடித்துச் சுருக்குவது. எனக்கு அது அறவே பிடிக்காது. 29.97-ஐ 30 என்று எடுத்துக்கொண்டதால் வந்த பிசகென்றால் சரி, அது மணிக்கு 3.6 நொடி என்று ஒரே சீராக வளரும், சுருக்கினால் சேர்ந்துவிடும். கும்மியில் பிசகு சீராக வளர்வதில்லை. கற்பூரம் கொழுந்துவிடும்போது விலகல் நின்றிருக்கும், அணையும்போது தாவும், யாரோ இன்னொரு கட்டி போட்டதும் மறுபடி நிற்கும். முதல் தட்டையும் கடைசித் தட்டையும் பொருத்திவிட்டு நடுவில் பாருங்கள், ஒன்றுக்கொன்று ஒட்டாது.

ஆகவே வெட்டுவதற்கு முன்னாலேயே மாற்றிவிட வேண்டும். முதலில் மீடியாஇன்ஃபோவில் ஃபைலைத் திறப்பேன். ஃபிரேம் ரேட் மோட் என்ற வரியில் வேரியபிள் என்று இருந்தால், அதற்குக் கீழே உள்ள குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் பார்ப்பேன். பிறகு ஹேண்ட்பிரேக்கில் கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட் என்பதைத் தேர்ந்து, எண்ணையும் நானே கொடுப்பேன். ஃபைல் நிறைய இருந்தால் எஃப்எஃப்எம்பெக். இரண்டும் செய்வது ஒன்றே: நேரக்குறிப்பைப் படித்து, ஃபிரேம் இல்லாத இடத்தில் முந்தையதையே இன்னொரு முறை வைக்கும், மிஞ்சியதை விடும். ஒலியின் நீளம் மாறாது.

ஒரே ஃபிரேம் இரண்டு முறை வந்தால் தெரியாதா என்று கேட்பார்கள். அது வருவது பெரும்பாலும் இருட்டில். அங்கே கையே கலங்கலாகத்தான் இருக்கும். அதற்குப் பயந்து, இடையில் புது ஃபிரேமைக் கற்பனையாக வரைந்து வைக்கும் வசதியைப் போடுகிறவர்கள் உண்டு. கும்மியில் அது விரல்களைக் கூழாக்கிவிடும். தவில் வாசிப்பில் ஒரு குச்சியை இரண்டாக்கிவிடும்.

கொடுக்க வேண்டிய எண் 25-ஆ 30-ஆ என்பதில்தான் யோசனை வேண்டும். நம் நாட்டில் டிவி பால் முறையில் வளர்ந்ததால் கல்யாணக் கேமராக்காரர்கள் பலரும் இன்னும் 25-இல்தான் எடுக்கிறார்கள். செல்போன் படத்தை 25-க்கு இறக்கினால் ஆறில் ஒரு ஃபிரேம் போகும். கும்மியில் அது கண்ணில் படாது. மறுநாள் காலைத் தேரோட்டத்தைப் பக்கவாட்டில் திருப்பி எடுத்திருந்தால், தேர் விட்டுவிட்டு நகர்வது போலத் தெரியும். முழுக்க செல்போன் படம் என்றால் டைம்லைனையே 30 வைத்துவிடுவேன். கேமராப் படத்துக்கு நடுவே நாலு துண்டு என்றால் மட்டும் 25.

ஃபிரேம் வேகம் மாறுவது செல்போன் கொண்டுவந்த புதுச் சங்கடம் என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஊமைப்பட காலத்தில் கேமராவைக் கையால்தான் சுற்றினார்கள்; சுற்றுகிறவரின் கைக்குத் தக்கபடி வேகம் மாறியது. பேசும் படம் வந்த பிறகுதான் நொடிக்கு 24 என்று உறுதியானது. 1931-இல் 'காளிதாஸ்' பேசும் படமாக வெளியானபோது நம் திரையும் அந்தக் கட்டுக்குள் வந்துவிட்டது. கண் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். காதோடு சேர்ந்துவிட்டால் பொறுக்காது.

மாற்றிய ஃபைலை முதலிலிருந்து பார்ப்பதில் பயனில்லை. நான் கடைசி நிமிடத்துக்குப் போவேன். பிறகு வெளிச்சம் சட்டென்று மாறிய இடங்களுக்கு. இரண்டு உள்ளங்கையும் ஒட்டுகிற ஃபிரேமில் நிறுத்தி, ஒலி அலையின் கூர்முனை அங்கேயே நிற்கிறதா என்று பார்ப்பேன். கும்மியை எடுத்தவர்கள் தெரியாமலே நிமிடத்துக்குப் பல கிளாப் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவு தள்ளியிருந்தால் அது வேறு நோய்: ஒலியும் படமும் சேர்ந்து தொடங்கவில்லை. ஆடியோவை அந்த அளவுக்கு நகர்த்தினால் போதும், மறுபடி கன்வர்ட் செய்ய வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக வந்ததைக் கூடுமானவரை வாங்குவதில்லை. அது ஏற்கெனவே சுருங்கி வந்திருக்கும். போனையே கொண்டுவாருங்கள், கேபிளில் எடுத்துக்கொள்கிறேன் என்பேன். மாற்றிய பிறகும் மூல ஃபைலை அழிக்க மாட்டேன். விட்ட ஃபிரேம்கள் அதில் மட்டும்தான் இருக்கின்றன. 25-க்கு இறக்கிய தேரை யாராவது 30-இல் கேட்டால் அங்கிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும்.